பெயரன் சுமந்த பெயர்

‘பேரன்’ என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொல், ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பதே அதன் பொருள். பாட்டனார் மண்ணுக்குள் சென்று பல ஆண்டுகள் ஆன பின்னரும், அந்தி வேளையில் வாசலில் நின்று ஒரு தாய் அவர் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். புழுதி படிந்த கால்களோடு ஒரு சிறுவன் ஓடி வருகிறான். இறந்தவர் பெயர் இறவாதிருக்க நம் முன்னோர் கண்ட வழி இவ்வளவு எளியது. ஏட்டில் எழுதத் தெரியாதவரும், கல்லில் வெட்டப் பொருளில்லாதவரும் தம் பெயரை ஒரு குழந்தையின்மேல் எழுதி வைத்துச் சென்றனர்.

கடல்கள் பல கடந்து, ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் அலைகளுக்கு நடுவே கிடக்கும் அயர்லாந்து என்னும் தீவிலும் மக்கள் இவ்வாறே எண்ணினர். அந்நாட்டுக் குடும்பப் பெயர்களில் ‘ஓ’ என்னும் ஓரெழுத்து முன்னே நிற்பதை வாசகர் பலர் கவனித்திருக்கக்கூடும். ஓ’நீல், ஓ’பிரையன், ஓ’கானர் என்னும் பெயர்கள் நமக்குப் புதியவை அல்ல. ஐரிஷ் மொழியில் அந்த ‘ஓ’ என்பதற்குப் ‘பேரன்’ என்பதே பொருள். ‘மேக்’ என்பதற்கு ‘மகன்’ என்பது பொருள். நாம் பேரனுக்குப் பாட்டன் பெயரை இட்டு அமைந்தோம். அவர்களோ ‘இன்னாரின் பேரன்’ என்னும் தொடரையே குலத்தின் பெயராக்கி, அதனை முப்பது தலைமுறைகளுக்கும் மேலாக அழியாமல் கடத்தி வந்தனர்.

அவ்வாறு கடந்து வந்த பெயர்களுள் ஒன்றன் வரலாற்றை இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். அது கென்னடி என்னும் பெயர்.

இப்பெயரை ஆராயும் ஆவல் எமக்கு எழுந்தது ஒரு பங்குக் கோவிலின் அலுவலக அறையில்தான். சில ஆண்டுகளுக்கு முன், எம் பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் படியெடுக்கும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. தாள்கள் பழுப்பேறி, ஓரங்கள் செல்லரித்து, தொட்டால் உதிரும் நிலையில் அந்நூல்கள் இருந்தன. மிகப் பழையவை இலத்தீனில் எழுதப்பட்டவை. பிந்தியவற்றைப் புரட்டி வருகையில், 1960-களின் பிற்பகுதிப் பக்கங்களில் ஒரு புதுமையைக் கண்டோம். அந்தோணி, சவரிமுத்து, அருளப்பன், ஆரோக்கியம் என்று வழிவழியாக வந்த பெயர்களுக்கு இடையே, ‘ஜான் கென்னடி’, ‘அந்தோணி கென்னடி’ என்னும் பெயர்கள் திடீரென முளைத்திருந்தன. எம்முடன் அமர்ந்து எழுதிய இளைஞர் ஒருவர், “கென்னடி என்பது எந்தப் புனிதரின் பெயர்?” என்று வினவினார். நம் நாள்காட்டிகளில் காணப்படும் புனிதர் பெயர் அன்று அது. அமெரிக்க நாட்டுத் தலைவர் ஒருவரின் குடும்பப் பெயர் என்று விடை கூறினோம். ஆனால் அத்தலைவருக்கு அது எங்கிருந்து வந்தது என்னும் அடுத்த வினா எம்மை விடவில்லை. கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

தலைக்கவசம் அணிந்தவன்

பத்தாம் நூற்றாண்டின் முற்பாதியில், அயர்லாந்தின் தென்மேற்கே ஷானன் ஆற்றங்கரையில் கின்னேடி என்னும் சிற்றரசர் வாழ்ந்தார். 951-ஆம் ஆண்டில் அவர் இறந்தார். அவருடைய மைந்தருள் ஒருவரே அயர்லாந்தின் வரலாற்றில் பெரும்புகழ் பெற்ற மன்னர் பிரையன் போரு. 1014-ஆம் ஆண்டு, பெரிய வெள்ளிக்கிழமையன்று, குளோன்டார்ப் என்னுமிடத்தில் தம் படை வென்ற அதே நாளில் உயிர்நீத்தவர் அவர். பிரையனின் வழிவந்தோர் ஓ’பிரையன் ஆயினர். பிரையனின் உடன்பிறந்தாரான டொன்குவான் என்பவரின் வழிவந்தோர், தம் முன்னோராகிய கின்னேடியின் பெயரைக் கொண்டு ‘ஓ கின்னேடி’ ஆயினர். ‘கின்னேடியின் பெயரன்’ என்று நாம் தமிழில் கூறலாம். அதுவே பின்னாளில் ஆங்கிலேயர் நாவில் புரண்டு கென்னடி ஆயிற்று.

கின்னேடி என்னும் சொல்லின் பொருள் யாது? ‘தலை’ என்னும் சொல்லும் ‘கவசம்’ என்னும் சொல்லும் சேர்ந்தது என்று கொண்டு, ‘தலைக்கவசம் அணிந்தவன்’ என்பர் ஒரு சாரார். அதனையே வேறு விதமாகப் பிரித்து, ‘அழகற்ற தலையை உடையவன்’ என்பர் மற்றொரு சாரார். பெருமையான பொருளைக் குடும்பத்தாரும், மற்றதை அண்டை வீட்டாரும் விரும்பியிருப்பர் என்று எண்ணத் தோன்றுகிறது!

ஐரோப்பாவில் தந்தைவழியாகத் தொடர்ந்து வரும் குடும்பப் பெயர்களை முதன்முதலில் கைக்கொண்ட மக்களுள் ஐரிஷ் மக்களும் அடங்குவர். 916-ஆம் ஆண்டிலேயே ‘ஓ கிளேரி’ என்னும் பெயர் அந்நாட்டு ஆண்டுக் குறிப்புகளில் காணப்படுகிறது. மகளாயின் ‘ஓ’ என்பதற்கு மாறாக ‘நீ’ என்றும், மணமான மனைவியாயின் ‘ஈ’ என்றும் பெயரின் முன்னொட்டு மாறும். ஒருவர் பெயரைக் கேட்ட அளவில், அவர் ஆணா பெண்ணா, மகளா மருமகளா என்பது விளங்கிவிடும். ஆங்கிலம் ஆட்சிமொழியான பின் இந்நுட்பம் மங்கிப் போயிற்று.

சுவருக்குள் ஒரு திருப்பலி நூல்

ஓ’கென்னடி குலத்தார், வலிமை மிக்க அண்டைக் குலங்களின் நெருக்கத்தால், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷானன் ஆற்றைக் கடந்து கிழக்கே இன்றைய டிப்பரரி மாவட்டத்தின் வடபகுதியில் குடியேறினர். ஆர்மண்ட் என்னும் பெயருடைய அந்நிலத்தின் தலைவர்களாக அவர்கள் பல நூற்றாண்டுகள் விளங்கினர். அவர்கள் எழுப்பிய சிறு கோட்டைகள் பல அங்கே இன்றும் சிதைந்த நிலையில் நிற்கின்றன. இப்பெயர் மேற்கொண்ட முதற் பயணம் அது. ஓர் ஆற்றைக் கடந்த பயணம்.

அக்கோட்டைகளுள் லக்கீன் என்பது ஒன்று. அதற்கு அருகே லோரா என்னுமிடத்தில், ஆறாம் நூற்றாண்டில் புனித ரூதான் நிறுவிய துறவு மடம் இருந்தது. அம்மடத்தோடு தொடர்புடைய பழைய திருப்பலி நூல் ஒன்று, 1735-ஆம் ஆண்டளவில் லக்கீன் கோட்டையின் சுவருக்குள் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறுவர். அந்நூல் எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலோ ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ கன்றுத்தோல் ஏடுகளில் எழுதப்பட்டது. பெரும்பகுதி இலத்தீன், திருப்பலியைப் பற்றிய விளக்கம் ஒன்று பழைய ஐரிஷ் மொழியில் உள்ளது. பிற்காலத்தில் இங்கிலாந்தில் ஸ்டோவ் என்னும் மாளிகையில் வைக்கப்பட்டிருந்தமையால், ‘ஸ்டோவ் திருப்பலி நூல்’ என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. 1883 முதல் அது டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாதமியில் உள்ளது.

அந்நூலை வைப்பதற்கென்று பதினோராம் நூற்றாண்டில் உலோகத்தால் அணிசெய்யப்பட்ட பேழை ஒன்று செய்யப்பட்டது. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது புதுப்பிக்கப்பட்டபோது, ஆர்மண்டின் அரசர் பிலிப் ஓ’கென்னடிக்காகவும் அவர் மனைவி ஆன்யாவுக்காகவும் மன்றாடுமாறு வேண்டும் சொற்கள் அதன்மேல் பொறிக்கப்பட்டன.

இதனைப் படித்தபோது நாம் சற்றே நின்றுவிட்டோம். அரசர் ஒருவர் தம் பெயரை எழுதி வைக்க விரும்புகிறார். வென்ற போர்களையும் வாங்கிய திறையையும் அவர் பொறிக்கவில்லை. ‘எங்களுக்காக மன்றாடுங்கள்’ என்று கேட்கிறார். தம் பெயருக்கு அருகே மனைவியின் பெயரையும் சேர்த்துக் கேட்கிறார். கோட்டை இடிந்தது. ஆட்சி போயிற்று. அந்த வேண்டுகோள் மட்டும் ஆறு நூற்றாண்டுகளைக் கடந்து, இன்று அருங்காட்சியகத்தில் அப்பேழையைக் காண்போர் முன் நிற்கிறது.

உதிர்ந்த ஓர் எழுத்து

பெயரைக் காத்தல் எக்காலத்தும் எளிதாக இருந்ததில்லை. 1465-ஆம் ஆண்டில், ஆங்கிலேயரின் ஆட்சி நிலைத்திருந்த டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதிகளில் வாழ்ந்த ஐரிஷ் மக்களுக்கு ஒரு சட்டம் விதிக்கப்பட்டது. அவர்கள் ஆங்கிலப் பெயர்களைச் சூடிக்கொள்ள வேண்டும். ஓர் ஊரின் பெயரோ, வெள்ளை, கருப்பு, பழுப்பு என்னும் நிறத்தின் பெயரோ, கொல்லர், தச்சர் என்னும் தொழிலின் பெயரோ அவர்களுக்கு ஆகலாம் என்றது அச்சட்டம். ஒரு மக்களை ஆள விரும்புவோர் நிலத்தை மட்டுமன்றிப் பெயரையும் குறிவைப்பர் என்பதற்கு இது சான்று.

ஆர்மண்ட் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது. ஆயினும் அதற்கும் காலம் வந்தது. 1649-இல் குரோம்வெல்லின் படை அயர்லாந்தில் இறங்கியது. அதன்பின் கத்தோலிக்கரின் நிலங்கள் பெருமளவில் பறிமுதலாயின. 1641-இல் அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு கத்தோலிக்கரிடம் இருந்தது. 1703-இல் அது நூற்றுக்குப் பதினான்கு பங்காகச் சுருங்கிற்று. 1704-ஆம் ஆண்டுச் சட்டப்படி கத்தோலிக்கர் நிலம் வாங்க இயலாது; 31 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகை பெறவும் இயலாது. கத்தோலிக்கர் ஒருவர் இறந்தால் அவர் நிலம் மைந்தர் எல்லோருக்கும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட வேண்டும். மூத்தவன் அரசின் திருச்சபையில் சேர்ந்தால் மட்டும் முழு நிலமும் அவனுக்கே சேரும். ஒரே வீட்டில் அண்ணனையும் தம்பியையும் விசுவாசத்தின் பெயரால் பிரித்து வைக்க இதைவிடக் கூரிய கத்தி தேவையில்லை.

இக்காலத்தில்தான் ஐரிஷ் குடும்பங்கள் பலவும் ‘ஓ’, ‘மேக்’ என்னும் முன்னொட்டுகளைக் கைவிட்டன. ஆங்கிலேய அலுவலர்முன் அவ்வெழுத்து ஒருவரை இன்னார் என்று காட்டிக் கொடுத்தது. ஓ’கென்னடி வெறும் கென்னடி ஆனார். பாட்டனின் பெயர் எஞ்சியது. ‘பெயரன்’ என்னும் உறவுச் சொல் உதிர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழிக்குப் புத்துயிரூட்டும் இயக்கம் தோன்றியபோது, ஓ’கானர், ஓ’சல்லிவன் குடும்பங்கள் பல உதிர்ந்த எழுத்தை மீண்டும் சூடிக்கொண்டன. கென்னடி குடும்பத்தாருள் பெரும்பாலோர் அவ்வாறு செய்யவில்லை.

மற்றொன்றையும் இங்கே குறிப்பிடுதல் தகும். கென்னடி என்னும் பெயருடையோர் எல்லோரும் ஒரே குருதியினர் அல்லர். ஸ்காட்லாந்தின் தென்மேற்கே ஏர்ஷயர் பகுதியில் இப்பெயருடைய வேறொரு பெருங்குடும்பம் வாழ்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தியர் பலர் அயர்லாந்தின் வடக்கே குடியேற்றப்பட்டமையால், அப்பகுதியில் கென்னடி என்போர் பலர் ஸ்காட்லாந்து வழியினர். அவர்களுள் பலர் பிராட்டஸ்டண்டு சபையினர். ஆகவே பெயரை மட்டும் கொண்டு உறவு கொண்டாடுவதும் ஆகாது. பகை பாராட்டுவதும் ஆகாது.

உருளைக்கிழங்கும் கப்பலும்

அயர்லாந்தின் ஏழைகள் உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தவர்கள். 1845-இல் அப்பயிரைக் கொடிய நோய் ஒன்று தாக்கியது. வயலில் பசுமையாக நின்ற செடிகள் சில நாட்களில் கருகின; மண்ணுக்குள் கிழங்குகள் அழுகின. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது தொடர்ந்தது. அதே ஆண்டுகளில் அந்நாட்டிலிருந்து தானியமும் கால்நடைகளும் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்தன. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். 1841-இல் ஏறத்தாழ 82 இலட்சமாக இருந்த மக்கள் தொகை, 1851-இல் 65 இலட்சத்துக்குச் சற்று மேலாகக் குறைந்தது.

கடல் கடந்தோர் எல்லோரும் கரை சேரவில்லை. 1847-இல் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலுள்ள கிராஸ் ஈல் என்னும் தீவில், நோயுற்று வந்திறங்கிய ஐரிஷ் மக்களுள் 5,000-க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுடைய அநாதைக் குழந்தைகளைக் கியூபெக் மாநிலத்தின் பிரெஞ்சு மொழிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அக்குழந்தைகளுள் பலர் தம் ஐரிஷ் குடும்பப் பெயரை இழக்காமலேயே வளர்ந்தனர். தாய் தந்தையும் போய், தாய்மொழியும் போன பின், அக்குழந்தைக்கு எஞ்சியிருந்த ஒரே உடைமை அப்பெயர். அதனைப் பறிக்காமல் விட்ட வளர்ப்புப் பெற்றோரின் உள்ளத்தை எவ்வாறு போற்றுவது!

இவ்வெள்ளத்தில் அகப்பட்டவர்களுள் ஒருவரே பாட்ரிக் கென்னடி. அயர்லாந்தின் தென்கிழக்கே வெக்ஸ்போர்டு மாவட்டத்தில், நியூ ராஸ் நகருக்கு அருகே டங்கன்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1823-ஆம் ஆண்டளவில் பிறந்தவர். குத்தகை உழவரின் இளைய மகன். சிறிய நிலம் மூத்தவனுக்கே போதாதென்றால் இளையவனுக்கு ஏது? அவர் மரப்பீப்பாய் செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1848–49-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். 1849-இல் அங்கே, தம் மாவட்டத்தினரான பிரிஜெட் மர்பி என்னும் பெண்ணைக் கோவிலில் கைப்பிடித்தார்.

அக்காலப் பாஸ்டனில் ஐரிஷ் கத்தோலிக்கருக்கு நல்வரவு கிடைக்கவில்லை. ‘ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டா’ என்னும் குறிப்போடு வேலை விளம்பரங்கள் வெளிவந்த காலம் அது. துறைமுகத்தை அடுத்த நெருக்கடியான குடியிருப்புகளில் நோய்களும் அவர்களோடு குடியிருந்தன. பாட்ரிக்–பிரிஜெட் தம்பதியரின் ஐந்து குழந்தைகளுள் ஒன்று மழலைப் பருவத்திலேயே இறந்தது. 1858-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் பாட்ரிக்கும் கண்மூடினார். அவருக்கு வயது முப்பத்தைந்து. மூத்த மகளுக்கு ஏழு வயது; கடைசி மகன் பிறந்து பத்துத் திங்களே ஆகியிருந்தன.

பிரிஜெட் என்னும் கைம்பெண்

கென்னடி என்னும் பெயரின் ஆயிரம் ஆண்டு வரலாற்றில், அது அறுந்துவிடக்கூடிய நேரம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அந்நிய நகரம், கையில் பொருளில்லை, நான்கு சிறு குழந்தைகள். பெயரைத் தாங்கி நிற்கப் பத்துத் திங்கள் குழந்தை ஒன்றே ஆண்பிள்ளை. அந்நேரத்தில் அப்பெயரைத் தோள்மேல் தூக்கிக்கொண்டவர், பிறப்பால் கென்னடி அல்லாத ஒரு பெண்.

பிரிஜெட் வீட்டு வேலை செய்தார். சிறுகச் சிறுகச் சேர்த்து, கிழக்குப் பாஸ்டனில் எழுதுபொருளும் சில்லறைப் பொருளும் விற்கும் கடை ஒன்றை வாங்கினார். அது நாளடைவில் மளிகைக் கடையாக வளர்ந்தது. அந்த ஆதரவில் வளர்ந்த மகன் பாட்ரிக் ஜோசப், கப்பல் துறையில் சுமை தூக்கி, பின் மதுக்கடை நடத்தி, மசாசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். அம்மகனுக்கு 1888-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு ஜோசப் பாட்ரிக் என்று பெயரிட்டனர். மறைந்த பாட்டனின் பெயர் பெயரனுக்கு வந்துவிட்டது! அதே ஆண்டு டிசம்பரில் பிரிஜெட் காலமானார்.

அந்த ஜோசப் பெரும் செல்வரானார். ரோஸ் பிட்ஜெரால்டு என்னும் பெண்ணை மணந்தார். பாஸ்டன் நகர மேயராக இருந்தவரின் மகள் அவர். ‘பிட்ஸ்’ என்பதும் ‘மகன்’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் திரிபே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தை வெல்ல வந்த நார்மன் படையினரோடு வந்த பெயர் அது. வெல்ல வந்தோரின் வழியினர் நாளடைவில் அந்நாட்டு மக்களாகவே மாறிவிட்டனர். இத்தம்பதியருக்கு 1917-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் பிறந்த மகனே ஜான் பிட்ஜெரால்டு கென்னடி. வென்றவரின் பெயரும் தோற்றவரின் பெயரும் ஒரே குழந்தையின் பெயரில் அருகருகே அமர்ந்துகொண்டன.

1928-இல் ஆல் ஸ்மித் என்னும் கத்தோலிக்கர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றிருந்தார். கத்தோலிக்கர் அப்பதவிக்கு வர இயலாது என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. 1960 செப்டம்பரில் கென்னடி, ஹூஸ்டன் நகரில் பிராட்டஸ்டண்டு போதகர்கள்முன் நின்று தம் விசுவாசத்தைப் பற்றிய ஐயங்களுக்கு விடையளித்தார். நவம்பரில் மிகக் குறுகிய வாக்கு வேறுபாட்டில் வென்றார். 1961 சனவரியில் அந்நாட்டின் முதற் கத்தோலிக்கத் தலைவராகப் பதவியேற்றார். இரண்டாமவர் வருவதற்கு அறுபது ஆண்டுகள் ஆயின; 2021-இல் பதவியேற்ற ஜோ பைடனும் ஐரிஷ் வழியினரே.

1963 சூனில் கென்னடி அயர்லாந்துக்குச் சென்றார். டங்கன்ஸ்டவுனில், தம் கொள்ளுப்பாட்டனார் விட்டுப் போன அதே பண்ணையில், அங்கேயே வாழ்ந்து வந்த உறவினர் அளித்த தேநீரைப் பருகினார். பீப்பாய் செய்யும் இளைஞராக ஒருவர் புறப்பட்ட நியூ ராஸ் துறைக்கு, அவர் பெயரைத் தாங்கிய ஒருவர் நாட்டுத் தலைவராகத் திரும்பி வந்தார். ஐந்து திங்களில், நவம்பர் 22-ஆம் நாள், டாலஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பாஸ்டனில் பாட்ரிக் கென்னடி இறந்து சரியாக 105 ஆண்டுகள் ஆன நாள் அது. இதில் மறைபொருள் தேட வேண்டுவதில்லை. ஆனால் முதல் மரணத்தை அன்று அண்டை வீட்டார் சிலரே அறிந்தனர். இரண்டாவதற்கு உலகமே அழுதது. இரண்டு வீட்டிலும் ஒரு கைம்பெண் சிறு குழந்தைகளோடு நின்றாள் என்பதே நம் நெஞ்சில் தங்குகிறது.

தமிழகத்தில் கென்னடி

ஐரிஷ் பெயர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே நம் மண்ணுக்கு வந்தவை. 1834-இல் சென்னைக்குத் திருத்தூதுப் பதில்குருவாக நியமிக்கப்பெற்ற தானியேல் ஓ’கானர், அவருக்குப் பின் வந்த ஜான் பென்னலி, அவர் உடன்பிறந்தார் ஸ்டீபன் பென்னலி ஆகியோர் அயர்லாந்தினரே. 1842-இல் அயர்லாந்திலிருந்து வந்த பிரசென்டேஷன் சபைச் சகோதரியர் சென்னையில் பெண் கல்விக்கு ஆற்றிய பணியைப் பலரும் அறிவர். ஆனால் அப்பெயர்கள் எவையும் நம் வீடுகளுக்குள் நுழையவில்லை. கென்னடி மட்டும் நுழைந்தது.

1963-க்குப் பின் தமிழ்க் குடும்பங்கள் தம் ஆண் குழந்தைகளுக்குக் கென்னடி என்று பெயரிட்டன. திரைப்பட நடிகர் விக்ரமின் இயற்பெயரும் கென்னடியே. அவ்வாறு பெயரிட்ட பெற்றோருள் எத்தனை பேர் டிப்பரரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பர்? தம்மைப் போன்றே கோவிலுக்குச் செல்லும் ஒருவர், தம் வயதில் இறந்துபட்டாரே என்னும் ஆற்றாமை அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தப் பெயரிடலில் ஒரு வியப்பு உண்டு. நம்மிடையே குடும்பப் பெயர் வழக்கம் அரிது. தந்தையின் பெயரின் முதலெழுத்தே நமக்கு முன்னொட்டு. கென்னடி என்னும் தமிழரின் மகன் ‘கெ’ என்னும் எழுத்தைத் தன் பெயருக்கு முன்னே இடுகிறான். ‘இன்னாரின் மகன்’ என்பதே அதன் பொருள். அயர்லாந்தில் ‘மேக்’ செய்த வேலையை இங்கே அந்த ஓரெழுத்து செய்கிறது. தனி மனிதர் ஒருவரின் பெயராகத் தோன்றி, குலத்தின் பெயராகி, ஆறும் கடலும் கடந்த அச்சொல், தமிழ் மண்ணில் மீண்டும் தனி மனிதரின் பெயராகிவிட்டது. அடுத்த தலைமுறையில், தமிழர் முறைப்படி, அது உண்மையாகவே ஒரு பெயரனைத் தேடிச் செல்லும்.

ஏடு காத்த பெயர்கள்

இவ்வளவையும் நாம் அறிய முடிவது எதனால்? யாரோ எழுதி வைத்தமையால். 1922-இல் டப்ளினில் நிகழ்ந்த போரில் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டு ஏடுகள் சாம்பலாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மக்கள் கணக்கெடுப்பு ஏடுகளில் எஞ்சியவை மிகச் சில. இன்று உலகெங்கும் பரவியுள்ள ஐரிஷ் வழியினர் தம் முன்னோரைத் தேடும்போது பெரிதும் நம்பியிருப்பவை, பங்குக் குருக்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதி வைத்த திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளையே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பழைய பதிவேடுகளை 2015-இல் அயர்லாந்தின் தேசிய நூலகம் எல்லோரும் கட்டணமின்றிக் காணுமாறு கணினி வழியே வெளியிட்டது. நிலமற்றோரும் எழுத்தறியாதோரும் வரலாற்றில் இடம்பெற்ற ஒரே பக்கம் பெரும்பாலும் அதுவே.

எம் பங்கின் பதிவேட்டிலும் அவ்வாறே ஒன்று நேர்ந்தது. எம் பாட்டனாரின் திருமுழுக்குக் குறிப்பை ஒருநாள் கண்டோம். இலத்தீனில் ஒரே ஒரு வரி. தந்தையின் பெயர் நாம் அறிந்ததே. எம் வீட்டுச் செபங்களில் அது சொல்லப்படும். அடுத்து, தாயின் பெயர். எம் வீட்டில் அதை யாரும் எமக்குச் சொன்னதில்லை. எம் தந்தையாரே அறியாமல் மறைந்தார். பிள்ளைகள் பலரைப் பெற்று, வளர்த்து, எம்மையெல்லாம் இவ்வுலகிற்குக் கொணர்ந்த அப்பெண்மணிக்கு எங்கள் குடும்பத்தின் நினைவில் இடமில்லாமல் போயிருந்தது. ஐந்தே எழுத்துகள் கொண்ட அப்பெயரைச் செல்லரிப்புக்கு இரண்டு விரற்கடை இப்பால் கண்டோம். அவ்வாண்டு கல்லறைத் திருநாளில் முதன்முறையாக அவர் பெயரைச் சொல்லி மன்றாடினோம்.

பிரிஜெட் மர்பியின் பெயர் உலகுக்குத் தெரிவது, அவர் கொள்ளுப்பேரன் ஒரு நாட்டின் தலைவரானமையால். தலைவர்கள் தோன்றாத கோடிக்கணக்கான குடும்பங்களிலும் பிரிஜெட்டுகள் இருந்தனர். தம்முடையதல்லாத ஒரு பெயரை அவர்கள் தலைச்சுமையாகச் சுமந்து கரைசேர்த்தனர். தம் பெயரையோ வழியில் எங்கோ இறக்கி வைத்துவிட்டனர்.

ஆதலால் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் முதியோர் இருக்கும்போதே, அவர்தம் தாயின் பெயரையும், அத்தாயின் தாயின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஊரில் பிறந்தார்கள், எந்தக் கோவிலில் திருமுழுக்குப் பெற்றார்கள், எதன் பொருட்டு ஊரை விட்டு வந்தார்கள் என்று வினவுங்கள். குடும்ப விவிலியத்தின் முதற்பக்கம் அதற்கு ஏற்ற இடம். உங்கள் பங்கின் பழைய பதிவேடுகள் ஈரத்திலும் கரையானிலும் அழிந்துகொண்டிருந்தால், பங்குத் தந்தையிடம் பேசி, படியெடுக்கக் கைகொடுங்கள். பேழையின்மேல் தம் பெயரைப் பொறித்த பிலிப் என்னும் அரசர், ஆன்யா என்னும் தம் மனைவியின் பெயரை விட்டுவிடவில்லை. நாமும் விடாதிருப்போம்.